பெயர் இல்லாத போராட்டம்: கிள்ளான் தோட்டங்களில் குழந்தை உழைப்பும் அதை எதிர்த்தவர்களும்

1941-ஆம் ஆண்டின் முற்பாதியில் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் முன்வைத்த கோரிக்கைகள் நீளமானவை. சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி இந்தியத் தொழிலாளிக்கும் வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். பெண்களிடம் வெள்ளைத் துரைமாரும் எழுத்தர்களான கிராணிமாரும் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உறவினர் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் போக வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும், ஒழுங்கான மருத்துவம் வேண்டும்.

இன்று இதைப் படிக்கும்போது ஒரு குறை உறுத்துகிறது. அந்தக் காலத்தில் கிள்ளான், கேரித் தீவு, காப்பார், கோலசிலாங்கூர் வட்டாரங்களில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் புல் பிடுங்கினார்கள், ஒட்டுப்பால் உரித்தார்கள், பால் பிடிக்கும் மங்கு துடைத்தார்கள். அவர்களை வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று நேரடியாக ஒரு வரிகூடப் பட்டியலில் இல்லை. மலாயாவின் தமிழ்ச் சமூகச் சீர்திருத்த வரலாற்றைத் துருவினாலும் ‘குழந்தைத் தொழில் ஒழிப்பு இயக்கம்’ என்று ஒரு தனி இயக்கம் கண்ணில் படாது. இங்கிலாந்துக்கு ஷாஃப்ட்ஸ்பரி பிரபு உண்டு. அமெரிக்காவுக்கு 1904-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவும், ஆலைச் சிறுவர்களைப் படமெடுத்துத் திரிந்த லூயிஸ் ஹைனும் உண்டு. கிள்ளானுக்கு அப்படி யாரும் இல்லை.

அதனால் இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு கட்டுபவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோட்டத்துப் பிள்ளையின் உழைப்பு அப்பன் ஆத்தாளின் கூலியோடு பின்னிக் கிடந்தது. கூலியைத் தொடாமல் பிள்ளையைத் தொட்டவர்கள் எல்லோரும் தோற்றார்கள். கூலியைத் தொட்டவர்கள், பிள்ளையின் பெயரைச் சொல்லாமலே அவனுக்காகப் போராடினார்கள். இங்கே நடந்த முயற்சிகளை இந்த அளவுகோலை வைத்தே பார்க்கிறேன்.

முதலில் வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும். ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடுவது வெயில் ஏறுவதற்கு முன்புதான். அதனால் விடியுமுன்பே பெரட்டு, அதாவது ஆளெடுப்பு. மேற்பார்வையாளரான கங்காணி பேர் வாசித்து, மர வரிசையான நிரையைப் பிரித்துக் கொடுப்பார். ஓர் ஆளுக்கு முந்நூறு மரங்களுக்கு மேல். முதலில் பட்டையில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரிக்க வேண்டும், பிறகு கத்தியால் சீவ வேண்டும், மங்கைத் துடைத்து வைக்க வேண்டும், கடைசி மரம் முடிந்ததும் முதல் மரத்துக்குத் திரும்பி வந்து பாலை வாளியில் சேர்க்க வேண்டும், ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். கத்தி பிடிக்கும் வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரு சிறுவன் செய்ய முடியும். ஒரு பிள்ளை கூட வந்தால் தாயின் கை ஓயாமல் சீவிக்கொண்டே போகும். மதியத்துக்கு மேல் கூடுதல் கூலி தரும் கைக்காசு வேலைக்கும் உடம்பில் தெம்பு மிஞ்சும்.

இது பேரேட்டில் ஏறாத உழைப்பு. பேரேட்டில் ஏறியது வேறு வகை: புல் பிடுங்கும் கும்பல், நாற்றங்கால், கொட்டை பொறுக்குதல். இந்த வெளிக்காட்டு வேலைகளில் பெண்களும் சிறுவர்களும் அணியாக நின்றார்கள். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு, பிள்ளைக்கு அதையும்விடக் குறைவு. இந்த இரண்டு வகைகளையும் பிரித்துப் பார்க்காவிட்டால் பிறகு வந்த சட்டங்கள் எதைத் தொட்டன, எதைத் தொடவில்லை என்பது விளங்காது. சட்டம் எப்போதும் பேரேட்டைத்தான் பார்த்தது.

தோட்டங்களுக்குக் குடும்பம் வந்ததே தாமதமாகத்தான். வடக்கே கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலி முறை கோலோச்சிய காலத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் தனி ஆண்கள். சிலாங்கூரில் காப்பி விழுந்து ரப்பர் எழுந்த 1900-களில் நிலைமை மாறத் தொடங்கியது. 1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. கிள்ளான் ஆற்றின் இருபுறமும் லண்டன் கம்பெனிகள் காட்டை அழித்து மரம் நட்டன. 1907-இல் தமிழர் குடிவரவு நிதி ஏற்பட்டது. கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் பிடித்து வரும் செலவை எல்லா முதலாளிகளும் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1910-இல் பார் என்ற அதிகாரியின் தலைமையில் ஒப்பந்தக் கூலிகளின் நிலை பற்றி விசாரணை நடந்தது. அதே ஆண்டில் ஒப்பந்த முறையில் ஆள் சேர்ப்பது நின்றது.

கங்காணி முறை குடும்பங்களைக் கொண்டுவந்தது. அதன் பிறகு இந்திய அரசு 1922-இல் குடியேற்றச் சட்டத்தை இயற்றி, மூன்று ஆண்களுக்கு இரண்டு பெண்களாவது போக வேண்டும் என்று விதி வைத்தது. ஒழுக்கக் கேடுகளைத் தடுப்பதே அதன் நோக்கம். ஃபீஜியில் பெண்கள் மிகக் குறைவாக இருந்த கூலிக் குடியிருப்புகளின் கொடுமைகள் இந்தியாவில் பெரும் கிளர்ச்சியாக எழுந்திருந்த சமயம். நல்ல விதிதான். ஆனால் முதலாளிக்கு அதில் ஒரு லாபம் இருந்தது. குடும்பம் வந்தால் ஒரே லயத்து அறையிலிருந்து மூன்று, நான்கு ஜோடிக் கைகள் வேலைக்கு வரும். சீர்திருத்தம் ஒரு வாசலை அடைக்கும்போது இன்னொரு வாசல் திறந்துவிடுவது இந்த வரலாற்றில் பல இடங்களில் நடக்கிறது.

1912-இல் கூட்டரசு மலாய் மாநிலங்களில் தொழில் இலாகா தனியாக அமைந்தது. 1923-இல் வந்த தொழில் சட்டத் தொகுப்பில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி ஒரு பெரிய விதி இடம்பெற்றது: ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த விதியிலிருந்துதான் நூல் பிடிக்கிறார்கள். ஊர் ஊராகத் தமிழ் எழுத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த விதி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே விதியின் மறுபக்கம் கசப்பானது. பள்ளி வைப்பது நிர்வாகத்தின் கடமை. பிள்ளையை அதற்கு அனுப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. கட்டடம் பல இடங்களில் லயத்தின் ஒரு மூலை. வாத்தியார் பல இடங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி அல்லது கிராணி. காலையில் பேர் வாசிப்பவரே பிற்பகலில் பாடம் வாசிப்பார். ஆனா ஆவன்னா, கொஞ்சம் கணக்கு, நான்கு வகுப்பு. அதற்கு மேல் படிக்க வழியில்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் வெளியே வரும் பிள்ளைக்குத் திறந்திருந்த ஒரே கதவு பெரட்டுக் களம். பள்ளி இருப்பது கங்காணிக்கு ஆள் பிடிக்க உதவியது. ‘உன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது’ என்று ஊரில் சொல்லலாம். பிள்ளையை வேலையிலிருந்து மீட்க வந்த பள்ளி, அடுத்த தலைமுறைத் தொழிலாளியைத் தோட்டத்திலேயே நிறுத்தி வைக்கும் இடமாகவும் ஆனது.

உலகம் அப்போது எங்கே நின்றது என்று ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். இங்கிலாந்தில் 1833-இன் ஆலைச் சட்டமே நெசவாலைகளில் ஒன்பது வயதுக்குக் குறைந்தவர்களைத் தடுத்துவிட்டது. ஒன்பது முதல் பதின்மூன்று வயதுள்ளவர்களுக்குத் தினம் இரண்டு மணி நேரப் படிப்பைக் கட்டாயமாக்கியது. அதைக் கண்காணிக்க நான்கு இன்ஸ்பெக்டர்களையும் நியமித்தது. 1842-இல் பத்து வயதுக்குக் குறைந்த பையன்களும், பெண்கள் யாவரும் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்வதற்கே தடை வந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921-இல் விவசாயத்துக்கென்றே ஓர் உடன்படிக்கை செய்தது: பதினான்கு வயதுக்குட்பட்டவர்களைப் பள்ளி நேரத்தில் வயல் தோட்ட வேலைக்கு வைக்கக் கூடாது. லண்டனில் தலைமையகம் வைத்திருந்த ரப்பர் கம்பெனிகளின் இயக்குநர்கள் இதையெல்லாம் அறியாதவர்கள் இல்லை. அவர்களுடைய பாட்டன் காலத்திலேயே சொந்த நாட்டில் தீர்ந்துபோன வாதம் அது.

இந்தியாவின் 1881 தொழிற்சாலைச் சட்டமும் இங்கே நினைவுக்கு வருகிறது. ஏழு வயதுக்குக் குறைந்தவர்களை அது தடுத்தது. சொராப்ஜி ஷாபூர்ஜி பெங்காலி போன்ற நல்ல மனிதர்கள் அதற்காக வாதாடினார்கள். ஆனால் பம்பாய் ஆலைகள் மலிவான கூலியில் துணி நெய்து போட்டிக்கு வருவதைத் தாங்காத லங்காஷயர் முதலாளிகளும் அதே சட்டத்துக்காகக் குரல் கொடுத்தார்கள். குழந்தைக்காகப் பேசுகிறவர் யாருடைய சந்தைக்காகவும் சேர்த்துப் பேசுகிறார் என்று கேட்பது தவறாகாது. மலாயா ரப்பருக்கு இங்கிலாந்தில் போட்டியாளர் இல்லை. அதனாலேயே லண்டனில் தோட்டத்துப் பிள்ளைக்கு வக்கீலும் அமையவில்லை என்று நினைக்கிறேன்.

இலங்கையில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே 1927-இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பத்து வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கத் தடை போட்டது. கூடவே பிள்ளைக்கூலியையும் எழுத்தில் நிர்ணயித்தது: மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. தடையும் விலையும் ஒரே காகிதத்தில். ஒன்பது வயதுப் பிள்ளை குழந்தை, பதினொரு வயதுப் பிள்ளை 32 சதம்.

இனி மலாயாவின் சமூகச் சீர்திருத்தக்காரர்களிடம் வருவோம். 1924-இல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் ‘தமிழ் நேசன்’ தொடங்கினார். 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்து அடுத்த மாதம் வரை பல ஊர்களில் பேசினார். அந்தப் பயணம் இங்கே சுயமரியாதை எண்ணத்தை வேர் பிடிக்கச் செய்தது. 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம், 1935-இல் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’. பிரிக்ஃபீல்ட்ஸில் விவேகானந்தா ஆசிரமம் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலிருந்தே கல்விப் பணியில் இருந்தது. தீண்டாமை, கள், தீமிதியிலும் கல்யாணத்திலும் கரையும் பணம், பெண் கல்வி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புதல் என்று இவர்கள் பேசியவற்றில் தோட்டத்துப் பிள்ளைக்கு இடம் உண்டு.

இடம் இருந்தது, ஆனால் பெரும்பாலும் பெற்றோரைக் கண்டிக்கும் தொனியில். குடியை நிறுத்து, சிக்கனமாக இரு, பிள்ளையைப் படிக்க வை. படித்த நகரத்தார் தோட்டப்புறத்துக்கு வந்து மேடை போட்டுப் பேசும்போது இப்படித்தான் பேசினார்கள். இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள். கள்ளின் கொடுமையை மறுக்கவில்லை. சம்பள நாளில் தோட்டத்துக்குள்ளேயே, நிர்வாகத்தின் அனுமதியோடு நடந்த கள்ளுக்கடை கூலியில் ஒரு பகுதியைத் திரும்ப உறிஞ்சியது. ஆனால் இரண்டு பேர் உழைத்தும் வயிறு நிறையாத வீட்டில், மூன்றாவது ஆளாகப் பிள்ளை போவது அறியாமையால் நேர்ந்தது என்று சொல்வது பாதி உண்மை. கணக்குத் தெரிந்ததால்தான் அனுப்பினார்கள்.

கணக்கு இதுதான். 1920-களின் பிற்பகுதியில் சுலபமாகப் போய்வரக்கூடிய பகுதிகளில் தரக்கூலி ஆணுக்கு ஒரு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ரப்பர் விலை சரிந்ததும் அது 40-க்கும் 32-க்கும் இறங்கியது. பிறகு இன்னும் கீழே போனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். மிஞ்சியவர்களின் வீட்டில் கூலி குறையக் குறையப் பிள்ளையின் சில காசுகள் பெரிய காசுகளாகின. இந்த ஆண்டுகளில் மேடையில் நின்று ‘பிள்ளையைப் படிக்க வை’ என்று சொன்னவர், கூலி வெட்டைப் பற்றியும் அதே மூச்சில் பேசியிருந்தால்தான் அந்தப் பேச்சுக்குப் பொருள் இருந்திருக்கும்.

இதே காலத்தில் இதே நாட்டில் இன்னொரு வகைக் குழந்தைகளுக்காக மிகப் பெரிய இயக்கம் ஒன்று நடந்தது. சீனக் குடும்பங்களில் சிறுமிகளைப் பணம் கொடுத்து வாங்கி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் மூய் சாய் முறை. ஹாங்காங்கில் 1919 முதல் ஹேசல்வுட் தம்பதியர் இதைக் கிளப்ப, விவகாரம் லண்டன் நாடாளுமன்றத்துக்கும் பிறகு தேசங்களின் கழகத்துக்கும் போனது. 1936-இல் வில்ஃபிரட் வூட்ஸ் தலைமையில் ஒரு விசாரணைக் குழு ஹாங்காங்குக்கும் மலாயாவுக்கும் வந்தது. குழுவில் இருந்த எடித் பிக்டன்-டர்பர்வில் என்ற பெண்மணி மற்றவர்களோடு ஒத்துப்போகாமல் தனி அறிக்கை எழுதினார். மூய் சாய் என்று பெயரிடப்பட்ட சிறுமிகளை மட்டும் பதிவு செய்தால் போதாது. பெற்றோரிடமிருந்து கைமாறிய எல்லாப் பிள்ளைகளையும் பாதுகாப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அவர் கட்சி. சிறுபான்மை அறிக்கையாக இருந்தும் காலப்போக்கில் அரசு அந்தத் திசையிலேயே நகர்ந்தது.

விசாரணைக் குழுவின் கார் கோலாலம்பூரில் ஓடிய சாலைகளுக்குச் சில மைல் தூரத்தில் தமிழ்ப் பிள்ளைகள் நிரையில் நின்றார்கள். அவர்களைப் பற்றிய விசாரணை அந்தக் குழுவின் வேலையாகவே இல்லை. காரணம் ஊகிக்கக் கூடியது. மூய் சாய் விலைக்கு வாங்கப்பட்டவள்; ‘அடிமை’ என்ற சொல்லை லண்டன் கேட்டால் பதறும். தோட்டத்துப் பிள்ளையோ சொந்தத் தாயின் பக்கத்தில் நிற்கிறான். விற்றவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை, அடிப்பவர் கூட இல்லாமல் இருக்கலாம். குற்றவாளி யார் என்று சுட்டிக்காட்ட முடியாத இடத்தில் இரக்கம் எழுவது கடினம்.

தோட்டத்துக்கென்று தனியாக விசாரணைகள் வராமல் இல்லை. 1917-இல் மார்ஜோரிபாங்க்ஸும் அகமது தம்பி மரக்காயரும் இலங்கை, மலாயா தொழிலாளர் பற்றி இந்திய அரசுக்கு அறிக்கை தந்தார்கள். 1920-களின் நடுவிலிருந்து இந்திய அரசின் ஏஜெண்ட் ஒருவர் கோலாலம்பூரில் இருந்தார். தோட்டம் தோட்டமாகப் போய் ஆண்டறிக்கை எழுதுவது அவர் வேலை. 1936-இன் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி வந்தார். தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களுக்காக வாதாடிய பெரும் பேச்சாளர். இங்குள்ளவர்கள் நிறைய எதிர்பார்த்தார்கள். 1937-இல் வெளிவந்த அவர் அறிக்கை கூலியைப் பழைய 50, 40-க்கு உயர்த்தச் சொன்னது. ஆனால் தொழிலாளர் மலாயாவுக்கு வருவதைத் தடுக்கக் காரணம் இல்லை என்றும் சொன்னது. 1936-இல் கோலாலம்பூரில் உருவான மலாயா மத்திய இந்தியர் சங்கம் இதில் கடும் ஏமாற்றம் அடைந்தது. 1937-இல் நேரு வந்து போனார். 1938-இல் தோட்ட முதலாளிகள் மறுபடி கூலியைக் குறைத்தபோது, ஜூன் மாதம் இந்திய அரசு உதவியோடு நடக்கும் குடியேற்றத்துக்கு முழுத் தடை போட்டது.

பிள்ளைகளின் கதையில் சாஸ்திரி அறிக்கையைவிட இந்தத் தடை பெரிது என்பேன். ஊரிலிருந்து புது ஆள் வருவது நின்றதும் இங்கே இருப்பவர்கள்தான் இனி நிரந்தரத் தொழிலாளர் படை என்று ஆனது. முதலாளிக்கு ஒவ்வொரு ஆளும் விலையேறினான். தொழிலாளிக்கு முதன்முறையாகப் பேரம் பேசும் பலம் வந்தது. அந்தப் பலம் கிள்ளானில் வெடித்தது.

ஆர். எச். நாதன் ‘தமிழ் நேசன்’ ஆசிரியர் குழுவில் இருந்தவர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் உயிர்நாடி அவர். 1941-இல் ரப்பர் விலை போரினால் ஏறியிருந்தது. சீனத் தொழிலாளர் கூலி உயர்ந்தது. இந்தியர் கூலி தேங்கி நின்றது. மார்ச்சிலிருந்து தோட்டம் தோட்டமாக வேலை நின்றது. காந்தித் தொப்பி அணிந்த ஆட்கள் சைக்கிளில் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குச் செய்தி கொண்டுபோனார்கள். கள்ளுக்கடைகளின் முன்னே மறியல் நடந்தது. முதலாளிகள் சில காசு உயர்வுக்கு இணங்கிய பிறகும் அமைதி திரும்பவில்லை. பிரச்சினை காசோடு நிற்கவில்லை என்பது அப்போது தெளிவாயிற்று. மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தார்கள், பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். ஆயிரக்கணக்கானோர் மீண்டும் வேலையை விட்டு எழுந்தார்கள். மே 16-இல் சிலாங்கூரில் அவசர நிலை. ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள்.

முன்பு சொன்ன பட்டியலுக்குத் திரும்பலாம். சீனர்களுக்கு இணையான கூலி, குறைந்த வேலை நேரம், கள்ளுக்கடை மூடல், உண்மையான கல்வி. இந்த நான்கும் நிறைவேறினால் ஏழு வயதுப் பிள்ளை நிரைக்குப் போக என்ன காரணம் மிஞ்சும்? மேடைப் பேச்சாளர் கள்ளை மட்டும் பிடித்துக்கொண்டார். சட்டம் பள்ளியை மட்டும் பிடித்துக்கொண்டது. ஏஜெண்டும் சாஸ்திரியும் கூலியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் எழுதியவர்கள் தோட்டத் தொழிலாளரோடு சேர்ந்து நின்றவர்கள். குழந்தை உழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத அந்தப் பட்டியலையே, மலாயாவில் குழந்தை உழைப்புக்கு எதிராக எழுந்த முதல் முழுமையான திட்டமாக நான் கொள்வது இதனால்தான். அந்தப் போராட்டத்தைச் சுட்டு ஒடுக்கினார்கள். ஏழே மாதத்தில் ஜப்பானியர் கிளந்தானில் இறங்கினார்கள்.

போர்க்காலத்தைப் பற்றி நீட்டி எழுத இங்கே இடமில்லை. ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குப் போன தகப்பன்மார் பலர் திரும்பவில்லை. லயங்களில் பிள்ளைகள் அநாதைகளாக நின்றார்கள். கிழங்கு நட்டுப் பிழைத்தார்கள். சுவாமி சத்தியானந்தா கோலாலம்பூரில் தொடங்கிய சுத்த சமாஜத்தின் அநாதை இல்லம் போன்றவை இந்தச் சிதைவுக்குப் பின் எழுந்தவை.

போருக்குப் பின்னால் தொழிற்சங்கக் காலம். 1954-இல் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆனது, பி. பி. நாராயணன் அதன் தலைமையில் நீண்ட காலம் இருந்தார். கூட்டு ஒப்பந்தங்கள் வந்தன, கூலி உயர்ந்தது, பெயர் பதிந்து பிள்ளைகளை வேலைக்கு எடுப்பது மறைந்தது. ‘தமிழ் முரசு’ 1950-களில் நடத்திய மாணவர் மணிமன்றம் தோட்டத்துப் பிள்ளைகளின் பெயரை அச்சில் பார்க்க வைத்தது. அது சின்ன விஷயமாகத் தோன்றலாம், தன் பெயரைப் பெரட்டில் மட்டும் கேட்டுப் பழகிய தலைமுறைக்கு அது சின்ன விஷயமில்லை. 1957-இல் தோட்டப் பள்ளிகள் தேசியக் கல்வி அமைப்புக்குள் வந்தன. அன்று நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்ததாகக் கணக்கு.

1966-இல் சிறுவர், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டம். பதினான்கு வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு அமர்த்தக் கூடாது. சில விலக்குகள் உண்டு, அவற்றில் முதன்மையானது குடும்பத் தொழிலில் இலகுவான வேலை. இரவு எட்டு மணி முதல் காலை ஏழு மணி வரை சிறுவரை வேலை வாங்கக் கூடாது. பள்ளி நேரமும் வேலை நேரமும் சேர்ந்து நாளுக்கு ஏழு மணியைத் தாண்டக் கூடாது. எழுத்தில் குறை சொல்ல முடியாத சட்டம். ஆனால் பால் மரம் சீவுவது ஏழு மணிக்கு முன்பே தொடங்கிவிடுமே! ஆத்தாளுக்குத் துணையாக ஆறு மணிக்கு நிரையில் நிற்கும் பிள்ளையை எந்த முதலாளியும் ‘அமர்த்தவில்லை’. தாளில் அவன் பெயர் இல்லை. எடைக்கூலி முறை இருந்தவரை, ரப்பர் விலையோடு கூலி ஏறி இறங்கியவரை, இந்தத் துணைக்கு ஒரு விலை இருந்துகொண்டே இருந்தது. 1970-களில் தோட்டத்தில் வளர்ந்து இன்று கிள்ளானில் ஓய்வு பெற்றிருக்கும் யாரிடமும் கேட்டுப் பாருங்கள்: பள்ளி விடுமுறை என்றால் என்ன செய்வீர்கள் என்று. அவர்கள் அதைக் கொடுமை என்று சொல்ல மாட்டார்கள், பாசத்தோடுகூடச் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு வரலாற்று எழுத்தாளர் குழம்புவது நியாயமே.

உண்மையில் தோட்டப் பிள்ளையை நிரையிலிருந்து கடைசியாக வெளியேற்றியது எந்தச் சீர்திருத்தமும் இல்லை. ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது. 1980-களிலும் 90-களிலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. சுபாங் ஜெயா, ஷா ஆலம் என்று இன்று நாம் சொல்லும் நகரங்கள் பலவும் மரம் நின்ற மண்ணில் எழுந்தவை. லயத்தோடு, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையும் போனது, வேலையும் போனது. பள்ளி மட்டும் சில இடங்களில் மிஞ்சியது, சில இடங்களில் இடம் பெயர்ந்தது. நாட்டில் இப்போது ஏறத்தாழ 530 தமிழ்ப்பள்ளிகள். கிள்ளானின் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி நாட்டின் மிகப் பெரியவற்றில் ஒன்று. குறைந்தபட்ச ஊதியமாக 900 ரிங்கிட் தீபகற்ப மலேசியாவில் நடைமுறைக்கு வந்தது 2013-இல். நாதன் கூலி கேட்டு 72 ஆண்டுகளுக்குப் பின்.

மலேசியா சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் இரண்டு உடன்படிக்கைகளை ஏற்றது: 1997-இல் குறைந்தபட்ச வயது பற்றிய 138-ஆவது, 2000-இல் குழந்தைத் தொழிலின் மிக மோசமான வடிவங்கள் பற்றிய 182-ஆவது. தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயம். 1966 சட்டத்தின் 2019 திருத்தம் சிறுவர் என்பதற்கான வயதை 15-க்கும், இளையோர் என்பதை 18-க்கும் உயர்த்தியது. குடும்பத் தொழில் விலக்கு நீங்கவில்லை. 2003-இன் கட்டாயக் கல்வி விதி குடிமக்களான பெற்றோருக்கே பொருந்தும். அகதிப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர முடியாது. சமூக அமைப்புகள் நடத்தும் கற்றல் மையங்களில் ஒதுங்குகிறார்கள், அல்லது வேலைக்குப் போகிறார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத நம் பிள்ளைகளின் நிலையும் நெடுங்காலம் இதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருந்தால் ஆவணம் இல்லாமலும் சேர்க்கலாம் என்ற தளர்வு வந்ததே 2019-இல்தான். பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வை என்ற 1923 விதி பிள்ளையின் குடியுரிமையைக் கேட்கவில்லை. அன்று நிரையில் நின்றவர்களில் பெரும்பாலோர் பிற நாட்டவரின் பிள்ளைகள்தாம்.